என் சர்டிபிகேட்டும் அத்தையின் முழங்காலும்

சர்டிபிகேட் என்றால் ஒருமுறை வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் சுவரில் தொங்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பி.ஏ. பட்டம் அப்படித்தான் தொங்கியது. உடற்கல்வி டிப்ளமோவும் அப்படித்தான் தொங்கியது. ஆனால் பம்பாய்க்காரர்கள் நடத்திய ஏரோபிக்ஸ் பயிற்சியாளர் பரீட்சையில் தேறி நான் வாங்கிய சர்டிபிகேட்டின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், இது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்று அச்சடித்திருந்தார்கள். அதற்குள் அவர்கள் அங்கீகரித்த பயிற்சிகளில் கலந்துகொண்டு கிரெடிட், அதாவது பயிற்சிப் புள்ளி, சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சர்டிபிகேட் செத்தது. மறுபடி முதலிலிருந்து பரீட்சை, அதுவும் பம்பாய்க்குப் போய்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "ரெண்டு வருஷத்துல முழங்கால் என்ன இடம் மாறிடுமா? படிச்சது ஊசிப்போயிடுமா?" என்று கூடத்தில் நின்று கத்தினேன். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அந்தப் பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார். "டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். இது குதிக்கிற லைசென்ஸ்" என்றார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். அத்தை, அதாவது என் மாமியார், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தக் கண்ணாடில ஒரே தூசி. கையோட துடைச்சிடு" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மெட்ராஸ் சென்னையாகியிருந்தது, ஆனால் தாம்பரத்தில் ஒரு பெண் காலையில் கையை வீசி நாலு தெரு நடந்தால், "ஏம்மா, வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று வழியில் நிறுத்திக் கேட்பார்கள். அந்த ஊரில் நான் பெண்களைக் குதிக்க வைக்கக் கிளம்பினேன். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக பி.டி. டீச்சர். வாரத்தில் பாதி நாள் என் பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வார். பிள்ளைகள் மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வகுத்தல் போடும், நான் விசிலை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலையை விட்டேன். மறுவாரம் டேப் ரிக்கார்டரும் கையுமாக இடம் தேட ஆரம்பித்தேன்.

இடம் கொடுத்தவர் மண்டபத்து அக்கா. மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் குடும்பத்துக்குப் பரம்பரையாக நிலம் இருந்தது. நிலம் மனையாகி, மிச்சமிருந்த துண்டில் கல்யாண மண்டபம் எழும்பியது. "எங்க வயல்ல முன்ன நெல்லு வெளஞ்சுது, இப்ப கல்யாணம் வெளயுது டீச்சர்" என்பார். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய குரல். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்தை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, அவரும் குதிப்பார். சொந்தமாக கேன்வாஸ் ஷூ வாங்க வெட்கப்பட்டு, கணவரின் ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கூடத்தில் எப்போதும் நேற்றைய சாம்பார் வாசனை அடிக்கும். முகூர்த்தம் இல்லை என்று நினைத்து நாங்கள் குதித்துக்கொண்டிருந்த ஒரு நாள், கீழே யாரோ திடீரென்று ஒரு நிச்சயதார்த்தத்தை வைத்துவிட்டார்கள். கீழே கெட்டிமேளம், மேலே எங்கள் டேப் ரிக்கார்டர். எங்கள் தாளம் தவறி மேளத்தோடு ஓட ஆரம்பித்த நேரத்தில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றார். இருபது பெண்கள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பந்தி எப்போம்மா?" என்று கேட்டார். மண்டபத்து அக்கா தூக்கிய காலை இறக்காமலே, "கீய போ நைனா, இது பட்டினி போட்ற எடம்" என்றார். அன்று வகுப்பு அதோடு முடிந்தது. சிரித்துச் சிரித்து யாராலும் நிற்க முடியவில்லை.

அத்தை முதலில் வந்தது என்னைக் கண்காணிக்கத்தான் என்று நினைக்கிறேன். என் வேலைக்கு வீட்டில் அவர் வைத்திருந்த பெயர் 'ஆட்டம்'. "ஆட்டத்துக்குப் போகலையா இன்னிக்கு?" என்பார். ஒருநாள் தானும் வருவதாகச் சொல்லிக்கொண்டு என்னோடு கிளம்பி, கல்யாணத்துக்குப் போடும் இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அவர் பாதம் தாளம் போடுவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாளில் நாற்காலி காலியாக இருந்தது. அத்தை பின்வரிசை மூலையில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

நான் அந்த மூலைப் பக்கம் போகவே மாட்டேன். வீட்டில் திருத்துவது அவர் வேலை, திருத்திக்கொள்வது என் வேலை. புளி கரைப்பதிலிருந்து பாய் சுருட்டுவது வரை எனக்கு அவர் சொல்லிக்கொடுக்காதது கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் செய்த எதையும் தப்பு என்று நான் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்த மருமகளும் சொல்வதில்லை. அதனால் வகுப்பில் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டு வருவேன், அத்தைக்கு முந்தின ஆள் வந்ததும் என் கால் தானாகத் திரும்பிவிடும். ஓரக்கண்ணில் படும், அவர் உட்கார்ந்து எழும் லட்சணம். பார்க்காத மாதிரி பாட்டை மாற்றப் போய்விடுவேன்.

இப்படி ஆட்டமும் பாட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெண்களுக்கென்றே ஒரு ஜிம் திறக்கப் போகிறார்கள். கண்ணாடிச் சுவர், ஓடும் மிஷின், மரத் தரை. நான்தான் சீஃப் டிரெயினர். மண்டபத்து வகுப்பை மாலையில் நான் தொடர்ந்து நடத்திக்கொள்ளலாம். ஆனால் வாசல் பலகையில் என் பெயரோடு 'சான்றிதழ் பெற்றவர்' என்று போடப் போவதால் சர்டிபிகேட் உயிரோடு இருந்தாக வேண்டும். திறப்பு விழா தை மாதம். என் சர்டிபிகேட்டின் ஆயுள் மார்கழியோடு முடிகிறது.

கிரெடிட் சேர்ந்தால் நான் சீஃப். சேராவிட்டால் மறுபடி வேப்பமரத்தடி, விசில், கணக்கு டீச்சர். பேய் பிடித்த மாதிரி கிரெடிட் தேட ஆரம்பித்தேன்.

முதலுதவிப் பயிற்சிக்குக் கொஞ்சம் கிரெடிட் உண்டு என்றார்கள், சேர்ந்தேன். கட்டுப் போட்டுப் பழக வீட்டில் ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவரின் தலை, தாடை, வலது கை எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டேன். பாதியிலேயே அவர் தூங்கிவிட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் கதவருகில் நின்று அவரைப் பார்த்துவிட்டு, சிலிண்டரை உருட்டும் சத்தம்கூடக் கேட்காமல் வைத்துவிட்டு, "எந்த லாரிக்கா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

தபால் பாடத்துக்கும் கிரெடிட். பம்பாயிலிருந்து தடிப் புத்தகம் ஒன்று வந்தது. முழுக்கத் தசைகளின் பெயர்கள், எல்லாம் வாயில் நுழையாத லத்தீன். கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தேன். பைத்தியம் எந்த அளவுக்கு முற்றியது என்றால், இரும்புலியூர் கறிக்கடையில், "எந்த எடத்துல போடட்டும்கா?" என்று கேட்டவரிடம் தொடையின் முன்பக்கத் தசையின் முழுப்பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் நம்ம கடைல கெடயாது, பல்லாவரத்துல கேட்டுப் பாருங்க" என்றார்.

இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. கடைசியாக ஒரே ஒரு வழி இருந்தது. பம்பாயிலிருந்து ஒரு அம்மாள் சென்னைக்கு வந்து நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஹோட்டலில் வாரக்கடைசிப் பயிற்சி நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் வகுப்பிலிருந்து மூன்று பேரை அழைத்து வந்து அவர் எதிரில் பாடம் நடத்த வேண்டும். சனிக்கிழமையன்றே அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். நீங்கள் எவ்வளவு அழகாகக் குதிக்கிறீர்கள் என்று பார்க்க நான் வரவில்லை. உங்கள் ஆட்கள் செய்யும் தப்பை உங்கள் கண் பிடிக்கிறதா, கை திருத்துகிறதா, அதைத்தான் பார்ப்பேன். திருத்தவில்லை என்றால் கிரெடிட் இல்லை.

நான் உள்ளுக்குள் துள்ளினேன். தப்புக்கு எங்கள் மண்டபத்தில் பஞ்சமா? யார் யாரைக் கூட்டிப் போவது என்று முன்பே யோசித்து, வகுப்பிலேயே தப்புக்குப் பேர் போன மூன்று பேரைத்தான் பொறுக்கி வைத்திருந்தேன். மண்டபத்து அக்காவுக்கு முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதோடு, உட்கார்ந்து எழச் சொன்னால் கை தானாகக் குறுக்கே போய்க் காதைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளையார் கோயில் பழக்கம். இரண்டாவது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்கா. வருடக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து முதுகு வளைந்து, தலை எப்போதும் ரிசீவரைத் தாங்குகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றாவது, இரும்புலியூரில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். மூச்சை அடக்கிக்கொண்டு செய்து முகம் தக்காளியாகிவிடும். இந்த மூவரையும் எப்படித் திருத்துவேன் என்று வசனத்தோடு தயாராக இருந்தேன். ஏன் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இரும்புலியூர்ப் பெண்ணின் கணவர் வாசலில் நின்றார். வாயெல்லாம் பல். "அவளுக்குக் காலைலேர்ந்து வாந்தி. டாக்டர் குதிக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றார். நானும் சந்தோஷத்தில் கத்தினேன், சர்க்கரையை எடுத்து அவர் வாயில் போட்டேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான், மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது என்று உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஆள்தானே வேணும்? நான் வரேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "சரிங்க அத்தை" என்றேன். மூன்றுக்கு இரண்டு பழுதில்லை, அந்த இரண்டு பேரின் தப்பே ஒரு அரங்கத்துக்குப் போதும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் மண்டபத்து அக்காவைப் பார்த்துத் திகைத்தேன். பட்டு பார்டர் வைத்த சுடிதார், கழுத்தில் காசு மாலை, தலையில் பந்துப் பந்தாக மல்லிகை, காலில் அதே ஷூ. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் ஆப்பிள், வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு முழம் பூ. "பரிச்ச வைக்கிறவங்கள வெறுங்கையோடயா பாப்பாங்க?" என்றார். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். டெலிபோன் அக்கா சர்ச்சில் ஆறு மணிப் பூசையிலேயே எனக்காக ஜெபம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை.

ஹோட்டல் கூடத்தில் ஏ.சி. குளிரில் மற்ற பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்களோடு நின்றிருந்தார்கள். எல்லாம் உடம்போடு ஒட்டின உடை, குதிரைவால் கொண்டை. நடுவே நாங்கள் சீர்வரிசைத் தட்டோடு நுழைந்தோம். மண்டபத்து அக்கா நேராகப் போய் பம்பாய் அம்மாளிடம் தட்டை நீட்டினார். அவர் குழம்பிப்போய் வாங்கிக்கொண்டார். பூவைத் தலையில் வைத்துவிட அக்கா கையை உயர்த்தினார், அங்கே முடியே இல்லை, ஒட்ட வெட்டிய கிராப்பு. ஒரு நொடி யோசித்துவிட்டு, அவர் கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றில் பூவைச் சுற்றிவிட்டார். அந்த அம்மாள் அன்று முழுக்க மல்லிகை மணக்க விசில் ஊதினார்.

எங்கள் முறை வந்தது. கை கால் அசைத்து உடம்பைச் சூடாக்கும் பகுதி முடிந்து, உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு வந்தேன். "இறங்குங்க" என்றேன். இறங்கினார்கள். நான் வசனத்தை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு மண்டபத்து அக்காவிடம் போனேன். முழங்கால் இரண்டும் நேராக, பாத விரலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கை காதுக்குப் போகவில்லை, அம்பு மாதிரி முன்னால் நீண்டிருந்தது. டெலிபோன் அக்காவிடம் ஓடினேன். முதுகு ஸ்கேல் வைத்து வரைந்த கோடு. தலை நடுவில். ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு பிசிறு இல்லை. புத்தகத்தில் வருகிற படம் மாதிரி செய்தார்கள்.

"என்னக்கா இது?" என்றேன் உதட்டை அசைக்காமல்.

"ஒரு வாரமா மாடிக்கு வந்து பிராக்டிஸ் பண்ணினோம்ங்க, உங்களுக்குத் தெரியாம" என்றார் டெலிபோன் அக்கா பெருமை பொங்க. "மாசமா இருக்காளே, அவளும் வந்தா. உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லல. சொன்னா உங்க காதுக்கு வந்துடுமே."

"டீச்சர் மானம் எங்க கைல கீது" என்றார் மண்டபத்து அக்கா.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளில், கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்க வேண்டும், விடை தெரிந்தது வலது கை, தெரியாதது இடது கை என்று பழக்கி வைப்போமே, அந்த ஊர்ப் பிள்ளைகள்தானே இவர்களும். வாத்தியாரைக் காப்பாற்றுவதுதான் பரீட்சை என்று எண்ணிவிட்டார்கள். எனக்கு அவர்களைக் கட்டிக்கொண்டு முத்தமிட வேண்டும் போலவும் இருந்தது, அதே இடத்தில் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பம்பாய் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். எதையுமே திருத்தவில்லையே என்றார். இவர்கள் சரியாகச் செய்கிறார்கள் என்றேன். என் ஆங்கிலம் நடுங்கியது. அவர் பேனாவால் மூலையைக் காட்டினார். அந்த அம்மா?

மூலையில் அத்தை. முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, மூச்சு பிடித்து முகம் சிவந்து, முதுகு கூனி. உலகத்தில் உள்ள தப்பெல்லாம் ஒரே ஆளிடம் கூடி நின்றது. என் கண் பழக்கதோஷத்தில் அவரைத் தாண்டிச் சுவருக்குப் போனது.

"அவங்க என் மாமியார்" என்றேன் ஆங்கிலத்தில்.

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கும் ஒருத்தர் இருக்கிறார், ஆனால் இன்று இவர் உன் மாணவி, போ என்றார்.

இதற்குள் டெலிபோன் அக்காவுக்கு விஷயம் விளங்கி, மண்டபத்து அக்காவின் காதில் கிசுகிசுத்தார். மண்டபத்து அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப் பேஜாரே! தப்புதான் வேணுமா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டீச்சர், இங்க பாரு, நான் பண்றேன், என்னைத் திட்டு!" என்று முழங்காலை வலுக்கட்டாயமாக உள்ளே இழுத்தார். ஒரு வாரப் பயிற்சி, முழங்கால் மாட்டேன் என்று வெளியே போனது. கையால் பிடித்து அழுத்தினார். அப்போதும் வரவில்லை. கூடமே சிரித்தது. பம்பாய் அம்மாள், நடிப்பு செல்லாது என்று விரலை ஆட்டிவிட்டார்.

வேறு வழியில்லை. அத்தையிடம் போனேன். முழங்காலைத் தொட்டுத் திருத்த வேண்டுமென்றால் கீழே உட்கார வேண்டும். அவர் எதிரில் மண்டியிட்டுக் குனிந்தேன்.

அத்தை உடனே எழுந்து நிமிர்ந்து, வலது கையை என் தலைமேல் வைத்து, "தீர்க்காயுசா இரும்மா, பரிச்சையில பாஸ் பண்ணு" என்றார்.

தீபாவளி, பொங்கல், கல்யாண நாள், அன்றுதான் நான் அவர் காலடியில் குனிவது வழக்கம். வேறு எதற்குக் குனிவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. தரையில் மண்டியிட்டபடியே குலுங்கினேன். எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "அத்தை, ஆசீர்வாதத்துக்கு இல்ல. நீங்க தப்பா செய்யறீங்க."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. அத்தை கீழே குனிந்து என்னைப் பார்த்தார். "எது தப்பு?" என்றார்.

"முட்டி ரெண்டும் உள்ள வருது. வெளிய தள்ளுங்க." கையால் பிடித்து நகர்த்தினேன். "குதிகாலைத் தரையிலேர்ந்து எடுக்கவே கூடாது. நாற்காலில உட்கார்ற மாதிரி பின்னால போங்க. மூச்சை அடக்காதீங்க அத்தை, விடுங்க, விடுங்க!"

அவர் மெதுவாக இறங்கினார். குதிகாலை நான் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். ஏறினார். மறுபடி இறங்கினார். முகத்தில் ஏதோ ஒரு திகைப்பு.

"வலிக்கலையே" என்றார்.

பம்பாய் அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, தேறிவிட்டாய், கிரெடிட் முழுக்க உனக்கு என்றார். ஒரே ஆளிடம் இத்தனை தப்பு கிடைப்பது அதிர்ஷ்டம், இவரை நன்றாக வைத்துக்கொள் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கக் காசு மாலை குலுங்க மண்டபத்து அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். டெலிபோன் அக்கா அழுதார். அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் முழங்காலையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் கூட்டமில்லை. முன்சீட்டில் இரண்டு அக்காக்களும், டீச்சரைக் கவிழ்க்கப் பார்த்தோமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் குரோம்பேட்டை ஜிம்மின் பலகையை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். கிண்டி தாண்டியதும் பக்கத்திலிருந்த அத்தை என் கையைத் தட்டினார்.

"ஏம்மா, இவ்வளவு நாளா நான் தப்பாத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேனா?"

"ஆமாம் அத்தை."

"தினம் வீட்டுக்கு வந்து, மண்டபத்து அம்மா முட்டியை இப்படிச் சரி பண்ணினேன், டெலிபோன்காரம்மா முதுகை அப்படி நிமித்தினேன்னு உன் புருஷன்கிட்ட ஆசையா சொல்லுவ. நான் பின்னாடி நின்னுக்கிட்டு, இன்னிக்காவது என் பக்கம் வருவாளான்னு பாப்பேன். கிட்ட வருவ, வந்து திரும்பிப் போயிடுவ. சரி, இந்தக் கெழவிக்குச் சொல்லிக்கொடுத்து ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு விட்டுட்டா போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஐயோ, அப்படி இல்ல அத்தை. மரியாதைக்குத்தான்" என்றேன்.

"மரியாதைய வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? ராத்திரியெல்லாம் முட்டி வலிச்சுதே" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து, ஓடுகிற ரயிலில் மேலே தொங்கிய கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது கையால் முந்தானையைச் செருகினார். "இன்னொரு தரம் செய்யறேன், பாரு. எல்லாத் தப்பையும் சொல்லு" என்று முழங்காலை மடக்கி இறங்கினார். ரயில் ஆடியது. குதிகால் தூக்கிக்கொண்டது.

"குதிகால், அத்தை! குதிகாலைக் கீழ வைங்க! எத்தனை தரம் சொல்றது?" என்று நான் பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அத்தை குதிகாலைக் கீழே வைத்தார்.